தோப்புக்கார டீச்சர்

"பையை இறுக்கிப் புடிச்சுக்கங்க மங்களா மிஸ்... அந்தத் தேங்காக் கடைக்காரன் முழியே சரியில்ல. சரியான திருட்டு முழி!"

பிரின்ஸி இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். சொன்னால் என்ன? இது உதய்ப்பூர். தஞ்சாவூரிலிருந்து ரயில் மாறி, ரயில் மாறி, கடைசியில் பஸ் ஏறி மூன்று நாள் பயணம். இங்கே தமிழில் யாரை என்ன திட்டினாலும் கேட்பதற்கு ஏரித் தண்ணீரைத் தவிர ஆளில்லை... அப்படித்தான் நினைத்தாள்.

"முழி பிறவியிலேயே அப்படிங்க" என்றான் தேங்காய்க் கடைக்காரன், காய்களை அடுக்கிக்கொண்டே. "எங்கம்மாகிட்ட நானே பல தடவை கேட்டுப் பார்த்துட்டேன்... மாத்தித் தர மாட்டேங்கறாங்க."

பிரின்ஸிக்குக் காது மடல்வரை சூடேறியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் காலடியில் கருங்கல் படித்துறை. ஏரியில் குதிக்கலாம் என்றால் நீச்சல் தெரியாது. வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. கறுத்த, களையான முகம். உதடு சிரிக்கவில்லை... கண் மட்டும் சிரித்தது. பெரிய கண். அதைத் திருட்டு முழி என்று சொன்னது சுத்த அநியாயம் என்று அவள் மனசாட்சியே அவளைக் கடிந்துகொண்டது.

"மன்னிச்சுக்கங்க... நான் வந்து..."

"பரவாயில்லைங்க. தப்பு என் மேலதான். நாலு மாசமாச்சு தமிழ் கேட்டு. காதுல விழுந்ததும் வெறிச்சுப் பார்த்துட்டேன்."

மங்களாம்பிகை டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கட்டியது. பிரின்ஸி ஆங்கிலம் எடுக்கும் அதே மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவள் இயற்பியல் டீச்சர். காலாண்டு விடுமுறையில் ஆசிரியைகள் பதினான்கு பேர் கிளம்பி வந்த சுற்றுலா இது. மற்றவர்கள் படகுக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றார்கள். ஏரி நடுவே வெள்ளை அரண்மனை ஒன்று நனைந்த துணி போல ஒளியில்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் மலை, மலைக்கு மேலே மேகம். பெரிய கோயில் கோபுரத்தைத் தவிர வேறு உயரம் பார்த்தறியாத டெல்டாக் கண்களுக்கு அந்த மலை ஒரு அதிசயம்தான். ஆனால் பிரின்ஸிக்கு இப்போது மலையும் தெரியவில்லை, மாளிகையும் தெரியவில்லை.

"எந்த ஊரு தம்பி?" என்றாள் மங்களாம்பிகை.

"பட்டுக்கோட்டைப் பக்கம்ங்க. பேரு ஜெனித். அதிராம்பட்டினம் ஜெகபர் அலி பாய்க்கு இங்க தேங்கா மண்டி இருக்கு, அதைப் பார்த்துக்கறேன். நவராத்திரி சீசன்ல... கோயில் தெருவுல ஒரு கடையும் போட்டிருக்கோம்."

"ஊர்ல பாதிப் பேரு துபாய், சிங்கப்பூர்னு பறக்கறான். நீங்க ராஜஸ்தானுக்கு வந்தீங்களாக்கும்?"

"இங்க வர பாஸ்போர்ட் வேணாம்னாங்க. கிளம்பிட்டேன்."

பிரின்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஒரு தேங்காயைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று.

வடக்கே போகும் காய்க்கு முழுசாக நார் எடுக்க மாட்டார்கள். கண் இருக்கும் பக்கம் ஒரு பிடி நாரைக் குடுமியாக விட்டுத்தான் உரிப்பார்கள். அவள் கையிலிருந்த காயின் குடுமி வலப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரர் ஒருவர் பாரையில் குத்தித் திருகி உரித்த காய். அந்தக் கையை அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கை ஊட்டிவிட்ட சோற்றில்தான் அவள் வளர்ந்தாள்.

"நம்ம பிரின்ஸிக்கும் உங்க பக்கம்தான் தம்பி" என்று மங்களாம்பிகை தொடர்ந்தாள். "பேராவூரணி. தென்னந்தோப்பு வச்சிருக்காங்க. அவங்கப்பா பெரிய தோப்புக்காரர்."

இந்தத் தோப்பு முளைத்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்டாஃப் ரூமில் மங்களாம்பிகைதான் கேட்டாள்: "அப்பா என்ன பண்றாங்க?" ஒருத்தியின் கணவர் வங்கியில், ஒருத்தியின் அப்பா தாசில்தார், மங்களாம்பிகை வீட்டுக்குத் திருவையாற்றுப் பக்கம் முப்போகம் விளையும் நிலம். எல்லோரும் பிரின்ஸியின் முகத்தையே பார்த்தார்கள். "தேங்கா..." என்று ஆரம்பித்தாள். 'உரிக்கிறார்' என்று முடிக்க வேண்டிய வாக்கியம். நாக்கு என்ன நினைத்ததோ... "தோப்பு" என்று முடித்துவிட்டது. அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தையில் ஐந்து ஏக்கர் தென்னை முளைத்துவிட்டது. அதன்பிறகு அதை வெட்டிச் சாய்க்க அவளுக்குத் துணிச்சல் வரவேயில்லை.

"பேராவூரணியா!" ஜெனித்தின் முகம் மலர்ந்தது. "எங்க காய் எல்லாம் அங்கேருந்துதாங்க வருது. நாலு மாசம் முன்ன வரைக்கும் அங்க தேங்கா உரிக்கற களத்துல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். இதோ, உங்க கையில இருக்கறதுகூட ஜேசுராஜ் அண்ணன் உரிச்சது. இடது கைக்காரர். லாரியில பத்தாயிரம் காய் கிடந்தாலும் அவரு காயைத் தனியா எடுத்துடுவேன். உங்களுக்கு அவரைத் தெரியாம இருக்காதே? அவரு பொண்ணுகூட தஞ்சாவூர்லதான் டீச்சர். பேரு கூட..."

நின்றான்.

சற்று முன் மங்களாம்பிகை சொன்ன பெயர் அவன் காதில் இப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். பிரின்ஸியைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் பிரின்ஸி. குரல் அவளுடையது போலவே இல்லை. "தோப்புக்கு உரிக்க எத்தனையோ பேரு வருவாங்க... யாரு எவருன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு பேரு என்ன தம்பி? எந்த ஸ்கூலு?" மங்களாம்பிகை விடுவதாயில்லை.

ஜெனித் கீழே குனிந்து ஒரு காயை எடுத்தான். துண்டால் துடைத்தான். துடைக்கவே தேவையில்லாத காய் அது.

"பேரு... மறந்துபோச்சுங்க."

காப்பாற்றிவிட்டான். முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றிவிட்டான். அதுதான் அவளை இன்னும் அதிகமாகச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் அவள். ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த சீடர் இராயப்பரின் கதையை ஏற்ற இறக்கத்தோடு அழகாகச் சொல்லுவாள். இவளுக்கு ஒரு முறையே போதுமாக இருந்தது.

படகில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் போட்டோக்களைப் பாருங்கள்... பதின்மூன்று பேர் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரின்ஸி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு பஸ். "ஒரு டஜன் வளையல் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வளையல் கடையைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் கோயில் தெருவுக்கு ஓடினாள்.

ஜெனித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்து வந்தவளைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்க டீச்சர். குடைகூடவா இல்ல, தோப்பு வச்சிருக்கற வீட்டுல?"

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ... வாய் தவறிடுச்சுங்க."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க." அவள் உட்காரவில்லை. "ஊருக்கு வந்தா... தயவு பண்ணி..."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"நேத்துதான் உங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கேன். இன்னிக்கு சத்தியம் வேறயா? ஒரே பாவமா சேருதே..."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்தது.

"உங்களைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியுங்க" என்றான் ஜெனித், கயிற்று முடிச்சைப் பார்த்தபடியே. "களத்துல அவரு உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. எம்.ஏ.ல ரெண்டாவதா வந்தீங்க. பாவக்கா சாப்பிட மாட்டீங்க. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடுவீங்க... பத்தாவது வரைக்கும்."

"எட்டாவது வரைக்கும்" என்றாள் அவள், தன்னையறியாமல்.

"சரி, எட்டாவது. அப்பல்லாம் உங்களைப் பார்த்ததே இல்ல. ஆனா கேட்டுக் கேட்டே..." அவன் காது சிவந்தது. "எங்கம்மாகிட்ட சொல்லி உங்க வீட்டுல பேசச் சொல்லலாம்னு இருந்தேங்க."

மழைச் சத்தம் திடீரென்று தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"இருந்தீங்க... இப்ப?"

"இப்ப பயமா இருக்கு." அவன் சிரித்தான். ஆனால் இந்த முறை உதடு மட்டும்தான் சிரித்தது. "நானும் தேங்கா விக்கறவன். நாளைக்கு யாராவது, யாரு இவருன்னு கேட்டா... என்னையும் தெரியாதுன்னு சொல்லிடுவீங்களே?"

சுருக்கென்று தைத்தது. உண்மை தைத்தால் நமக்கெல்லாம் என்ன வரும்? கோபம்தான் வரும். அவளுக்கும் வந்தது.

"யாரும் எனக்காகப் பயப்பட வேண்டாம்! நான் ஒண்ணும் உங்களைக் கேட்டு வரல."

மழையில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். பின்னால், "டீச்சர், குடையாவது..." என்ற குரல் கேட்டது. திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம் என்று அகமதாபாத் வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஊருக்குப் போனதும் ஜேசுராஜ் ஆசையாகக் கேட்டார். "உதய்ப்பூர் எப்படிம்மா இருந்துச்சு? நம்ம காய் அந்த ஊருக்குத்தான் போகுதாம். எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?"

"இல்லப்பா... பார்க்கல."

"பெரிய ஊருல்ல... எங்க கிடந்துச்சோ" என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிரின்ஸிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கக்கேடு என்ற வார்த்தைக்கு அகராதியில் போய்ப் பொருள் தேட வேண்டியதில்லை, கண்ணாடி பார்த்தால் போதும் என்று தோன்றியது.

கார்த்திகை பிறந்தது. மங்களாம்பிகையின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "தாம்பூலப் பைக்கு ஐந்நூறு தேங்கா வேணும் பிரின்ஸி. வெளியில எதுக்கு வாங்கணும், உங்க தோப்பு இருக்கறப்ப? ஞாயித்துக்கிழமை கார்ல வர்றோம். அப்படியே அப்பாவையும் பார்த்து நேர்லயே அழைச்ச மாதிரி ஆச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பிரின்ஸி ஒரு திட்டம் போட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கடைத்தெருவில் நின்று காரை மறிப்பது... அப்பா அவசரமாக வெளியூர் போய்விட்டார் என்று சொல்லி, தேங்காயை மட்டும் வாங்கிக் கொடுத்து அப்படியே அனுப்பிவிடுவது. பொய்க்கு வேலி கட்ட இன்னொரு பொய். ஆனால் அன்று சாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்று. மங்களாம்பிகையோ சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். டீக்கடையில் நிறுத்தி, "பிரின்ஸி டீச்சரோட அப்பா எங்க இருப்பாரு?" என்று கேட்டிருக்கிறாள். "டீச்சர் அப்பாவா? அதோ, அந்தத் தேங்காக் களத்துலதாம்மா இருக்காரு" என்று கை காட்டிவிட்டார்கள்.

பிரின்ஸி தூறலில் ஓட்டமும் நடையுமாகக் களத்துக்கு வந்தபோது, வாசலில் கார் நின்றிருந்தது. உள்ளே லாரி ஒன்றுக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரிப் பக்கத்தில், கையில் நோட்டோடு... ஜெனித். சீசன் முடிந்து ஊர் திரும்பியிருக்கிறான். அவன் அவளைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஜேசுராஜ் பாரைக்கு முன்னால், இடக்கையில் காயும் உடம்பெல்லாம் நார்த் தூசியுமாக நின்றிருந்தார். எதிரே பட்டுப் புடவையில் மங்களாம்பிகை.

"பிரின்ஸி டீச்சரோட அப்பாவைப் பார்க்கணும்ங்க. தோப்புக்காரர். எங்க இருக்காங்க?"

பிரின்ஸியின் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

'தோப்புக்காரர்' என்ற வார்த்தை ஜேசுராஜுக்குள் மெதுவாக இறங்குவது முகத்தில் தெரிந்தது. அப்புறம் அந்த மனிதர் செய்த காரியம்தான்... தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா தஞ்சாவூர் வரைக்கும் போயிருக்காங்கம்மா. வர நேரமாகும்." நிமிர்ந்தார். வாசலில் மகள் நிற்பது தெரிந்தது. "இதோ, டீச்சரே வந்துட்டாங்க... வாங்கம்மா. வாங்க."

வாங்க!

பெற்ற மகளை... 'வாடி என் தங்கம்' என்று கூப்பிடும் அதே வாயால்... 'வாங்க' என்றார். அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. மகளின் மானம் போய்விடக் கூடாதே என்ற பதற்றம் மட்டும்தான் இருந்தது.

ஜெனித் தலையைக் குனிந்துகொண்டான்.

மங்களாம்பிகைக்கு இப்போதுதான் அவனை அடையாளம் தெரிந்தது. "அட, உதய்ப்பூர் தம்பி! அன்னிக்குச் சொன்னீங்களே இடது கைக்காரர்னு... இவருதானா?" ஜேசுராஜ் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் பொண்ணு டீச்சராமே பெரியவரே! எந்த ஊர்ல இருக்காங்க?"

ஜேசுராஜ் மகளைப் பார்க்கவில்லை. பாரையைப் பார்த்தார்.

"அவ... ரொம்பத் தூரத்துல இருக்காம்மா."

அதற்கு மேல் பிரின்ஸியால் முடியவில்லை. சேறு, தேங்காய் மட்டை எதையும் பார்க்காமல் குறுக்கே நடந்து போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரவென்ற கை.

"மங்களா மிஸ்... இவருதான் எங்கப்பா. எங்களுக்குத் தோப்பெல்லாம் கிடையாது. ஒரு மரம்கூடக் கிடையாது. எங்கப்பா தேங்கா உரிக்கறாரு. உரிச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாரு. நான்தான்... ரெண்டு வருஷமா..."

குரல் உடைந்துவிட்டது. களத்தில் எல்லோரும் பார்த்தார்கள். மட்டை அள்ளும் பெண்கள், லாரி டிரைவர், எல்லோரும். பார்க்கட்டும்.

மங்களாம்பிகை மெதுவாகக் கேட்டாள்: "இதுக்கு எதுக்குடி பொய் சொன்ன?"

அதுதானே! இரண்டு வருடமாக இவள் யாருக்குப் பயந்தாளோ, அவளே இப்படிக் கேட்டுவிட்டாள்.

"டீச்சர் சும்மா விளையாட்டுக்கு..." என்று ஜேசுராஜ் இன்னும் முட்டுக்கொடுக்கப் பார்த்தார்.

"என்னை டீச்சர்னு சொல்லாதப்பா. வாங்கன்னு கூப்பிடாதப்பா. அடிச்சுடு... திட்டிடு... அது மட்டும் வேணாம்ப்பா."

ஜேசுராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நார்த் தூசியைத் துடைப்பது போலத்தான் துடைத்தார். உடனே மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான்... ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. அடிபட்ட முகம் ஒரே நாளில் ஆறாது. இருந்தாலும் வாய் திறந்தார்.

"போடி... வந்தவங்களை நிக்க வச்சுட்டு அழுதுகிட்டு. போய் இளநி வெட்டிக் குடு, போ."

போடி என்று சொல்லிவிட்டார். பிரின்ஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுக்கப் போனாள். ஜெனித் முந்திக்கொண்டு இளநீர்க் குலையை இழுத்துப் போட்டான். இரண்டு மாதத்துக்குப் பிறகு இருவர் கண்களும் சந்தித்தன... அவன்தான் முதலில் பேசினான், தாழ்ந்த குரலில்.

"தப்பு என் மேலயும் இருக்கு டீச்சர். பேரு மறந்துபோச்சுன்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. அதனாலதான் இன்னிக்கு அவரு வாயால..."

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. சும்மா இருங்க."

"ஏம்மா பிரின்ஸி" என்று மங்களாம்பிகை அங்கிருந்தே குரல் கொடுத்தாள். இயற்பியல் டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தீர்த்துக்கொள்ளாமல் விட மாட்டாள். "அப்ப அன்னிக்கே இந்தத் தம்பிக்கு எல்லாம் தெரியுமா? உனக்காகவா மறைச்சாரு? யாரு இவரு உனக்கு?"

களமே காது கொடுத்தது. ஜேசுராஜ்கூட உரிக்க எடுத்த காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஜெனித்தின் முகத்தில் ரத்தமில்லை. "நான் சும்மா லோடு ஏத்த..." என்று ஆரம்பித்தான்.

பிரின்ஸி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"இவரு பேரு ஜெனித். தேங்கா மண்டியில வேலை பார்க்கறாரு. இவரை எனக்கு நல்லாத் தெரியும் மங்களா மிஸ்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு இவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. இவங்கம்மா வந்து எங்கப்பாகிட்ட பேசினா நான் சரின்னு சொல்லுவேன். இவருக்கு இன்னும் பயம் போகலைன்னா... எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு நானே போய்ப் பேசுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகம் பற்றி எரிந்தது. இரண்டு மாதமாக அவளைத் தின்ற வெட்கம் வேறு, இது வேறு. இந்த வெட்கத்தில் தலை குனியத்தான் வேண்டியிருந்தது, ஆனால் ஒளிய வேண்டியிருக்கவில்லை.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ஜெனித்தின் கையிலிருந்த நோட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல், ஜேசுராஜைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்...

"அம்மா இன்னிக்கு வீட்டுலதாங்க இருக்காங்க."